வாரநாளில் அப்பளப் பெட்டி, வாரக் கடைசியில் படுக்கை: ஒரு குட்டியானை மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

மதுரை சிந்தாமணி, வில்லாபுரம் பக்கத்து அப்பளக் கம்பெனிகளில் பெட்டி ஏற்றி, திண்டுக்கல், தேனி, விருதுநகர்க் கடைகளில் இறக்கும் டாடா ஏஸ், அதாவது குட்டியானை, ஒன்று. மூடிய பாடி, ஆர்.சி.யிலும் மூடிய பாடி என்றே பதிவாகியிருக்கிறது. உரிமையாளரின் தேவை சின்னது. சனி, ஞாயிறில் அவரும் மனைவியும் வைகை அணைப் பக்கம் உறவினர் தோப்பிலோ கம்பம் பள்ளத்தாக்கில் தெரிந்தவர் தோட்டத்திலோ ஓர் இரவு தங்கி வர வேண்டும். திங்கள் காலை ஆறு மணிக்கு அதே வண்டி பெட்டி ஏற்றத் தயாராக நிற்க வேண்டும்.

முதலில் பேசப்பட்ட திட்டம் வேறு. கட்டில், அலமாரி, சின்ன சிங்க், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பாடியோடு சேர்த்துப் பொருத்துவதாக இருந்தது. வெளிநாட்டு வேன் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நாள் முழுக்கச் சுற்றுலாவுக்கே ஓடும் வண்டிக்கு அது சரி. வாரத்தில் ஐந்தாறு நாள் லோடு அடித்துப் பிழைக்கும் வண்டியில் நிரந்தரக் கட்டில் என்பது வாடகை தராமல் குடியிருக்கும் ஆள். ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரே முடிவின் மேல் நின்றது: படுக்கை, பேட்டரி, அடுப்பு, தண்ணீர் எல்லாம் சரக்காகவே ஏறி, சரக்காகவே இறங்கும். பாடிக்குள் நிரந்தரமாக நிற்பது அப்பளத்துக்கும் பயன்பட வேண்டும்; பயன்படாதது நிற்கக் கூடாது.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. சரக்கு வண்டியில் நிரந்தரக் கட்டிலும் சமையல் மேடையும் ஏறினால், எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது "இது என்ன வண்டி?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. உண்டு. ஒவ்வொரு முறையும் கட்டிலைப் பிடுங்கி மறுபடி பொருத்திக்கொண்டிருக்க முடியாது. உள்சுவரில் அடிக்கும் தட்டி, தரைப் பலகை, பெல்ட் மாட்டும் சேனல் ஆகியவை சரக்கைக் காப்பதற்கானவை. அப்படி இருந்தும், பாடித் தகட்டில் காற்றுத் துளை வெட்டும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குத் தனி பெர்மிட் தேவையில்லை. ஏஸ் அதற்கு வெகு கீழே. ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் கேபினில் உட்காரலாம். ஓடும் வண்டியின் பின்னால் ஆள் உட்காருவதோ படுப்பதோ கூடவே கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பேச்சும் அங்கேயே நின்றுவிடும். குழந்தைகளோடு நாலு பேர் போகிற குடும்பத்துக்கு இந்த வண்டி ஆகாது. முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

பெட்டியின் அகலம்தான் அளவுகோல்

இந்த வண்டியின் பாடி உள்ளே 2,150 மி.மீ. நீளம், 1,650 உயரம். இருபக்கத் தகடுகளுக்கு நடுவே அகலம் 1,470. தகட்டைத் தாங்கும் விலாக் கம்பிகள் இரு பக்கமும் 25 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால், கம்பிக்குக் கம்பி 1,420. அப்பளப் பெட்டி 350 மி.மீ. அகலம், குறுக்கே நாலு வைத்தால் 1,400. மிச்சம் 20 மி.மீ. மட்டுமே. மொத்த வேலையையும் கட்டிப்போட்டது இந்த இருபது மில்லிமீட்டர்தான். பக்கத்துக்கு ஒரு அங்குலத் தட்டியை யோசிக்காமல் அடித்திருந்தால் நாலாவது வரிசை போயிருக்கும். கால்வாசி லோடு போனால் வண்டியை விற்றுவிடலாம்.

ஆகவே வெப்பத்தடுப்பு விலாக் கம்பிகளுக்கு இடையிலேயே அடங்க வேண்டும் என்று முடிவானது. 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது அழுத்தமான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை, அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்காருகிறது. வெள்ளைத் தெர்மோகோலும் வெப்பத்தைத் தடுக்கும்தான். ஆனால் வண்டி குலுங்கக் குலுங்க அது மணி மணியாக உதிரும், ஈரமும் குடிக்கும். உணவுப் பெட்டி ஏறுகிற பாடியில் அது வேண்டாம். எக்ஸ்.பி.எஸ். பலகையை பி.யூ. (பாலியூரித்தேன்) பசையால் தகட்டில் ஒட்ட வேண்டும். சாதாரண ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் இந்த நுரையை அரித்து, நடுவே குழி விழ வைத்துவிடும்.

அதன் மேல் 1.5 மி.மீ. எஃப்.ஆர்.பி. ஷீட், அதாவது ஃபைபர் ஷீட். முதலில் நினைத்தது 3 மி.மீ. ஏ.சி.பி., அதாவது நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை. அதில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லி கூடுதலாகப் போகும். எடையும் சதுர மீட்டருக்கு 4 கிலோ அளவில் வரும். ஃபைபர் 2.3 கிலோவில் முடிகிறது, ஈரத்துணியால் துடைக்கலாம், பெட்டி உரசினாலும் கிழியாது. குறை ஒன்றுதான்: புது ஃபைபர் ஷீட்டில் ரெசின் வாடை அடிக்கும். அப்பளம் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும் பொருள். ஆகவே ஷீட் அடித்த பிறகு கதவைத் திறந்து வைத்து, வெயிலில் பத்து நாளாவது காயவிட வேண்டும். பிறகு கதவை மூடி இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, திறந்த உடனே முகர்ந்து பார்க்க வேண்டும். மூக்கில் ஏறினால் இன்னும் லோடு ஏற்றக் கூடாது.

கூரைக்கு இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. பெட்டி அடுக்கு 1,500 மி.மீ. உயரத்தோடு நின்றுவிடுவதால் மேலே இடம் இருக்கிறது. கம்பிகளுக்கு இடையில் 25, அதற்குக் கீழே இன்னொரு 25 என்று 50 மி.மீ. போடப்பட்டது. வெளியே கூரைக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், உச்சி வெயில் விழுவது கூரையில்தான். பணத்தை அங்கே செலவழிப்பதே புத்தி.

விலாக் கம்பி வியர்த்தது

தட்டி அடித்து முடித்து, முதல் குளிர் இரவில் உள்ளே படுத்து எழுந்தபோது, சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு கோடாக ஈரம் இறங்கியிருந்தது. கோடுகள் எல்லாம் விலாக் கம்பி இருக்கும் இடம். இடையில் நுரை இருந்த பகுதி காய்ந்து கிடந்தது.

காரணம் எளிது. தூங்கும் ஒரு ஆளின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு 30 கிராம் அளவில் நீராவி வெளியேறும். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். வெளிக்காற்றில் குளிர்ந்த தகட்டின் குளிர்ச்சியை இரும்புக் கம்பி அப்படியே உள்ளே கொண்டுவருகிறது. ஃபைபர் ஷீட் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததால், நீராவி அங்கே படிந்து நீரானது. கம்பம் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவில் இது நிச்சயம் நடக்கும். மதுரை ஊருக்குள் படுத்துப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதில் பயன் இல்லை.

ஷீட்டைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியின் முகத்திலும் 3 மி.மீ. மூடிய துளை நைட்ரைல் நுரைப் பட்டை ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை இதே சரக்குதான். அந்தக் கடையிலேயே ஷீட்டாகக் கிடைக்கும். பட்டை 3, ஷீட் 1.5 எனப் பக்கத்துக்கு 4.5 மி.மீ. போக, மிஞ்சிய அகலம் 1,411. நாலு பெட்டிக்கு 11 மி.மீ. சந்து. மழைக்காலத்தில் அட்டை உப்பினால் கொஞ்சம் இறுக்கும். இருந்தாலும் நாலும் போகிறது. முதல் தடவையே பட்டையோடு அடித்திருந்தால் இரண்டு நாள் கூலி மிச்சம்.

படுக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்

பெல்ட் மாட்டக் கிடைமட்டமாக ரெயில் அடிப்பதுதான் வழக்கம். அது இரு பக்கமும் 21 மி.மீ. துருத்திக்கொண்டு பெட்டி வரிசையைக் கெடுக்கும். இங்கே துளையிட்ட சி-சேனல், 41-க்கு 21 அளவில், விலாக் கம்பியை ஒட்டி நெட்டுக்குத்தாக நிறுத்தப்பட்டது. கம்பி 25 ஆழம், சேனல் 21. ஷீட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. சேனலின் வாய் மட்டும் உள்ளே திறந்திருக்கும். பக்கத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். சேனலை எம்-8 போல்ட்டில் விலாக் கம்பியின் பக்கவாட்டோடு முடுக்க வேண்டும். தகட்டில் மட்டும் ரிவெட் அடித்தால், நிறுத்தும்போது பெட்டிகள் முன்னால் தள்ளும் தள்ளில் தகடு கிழியும். வாரநாளில் இந்தச் சேனலில்தான் ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் சரக்குப் பட்டை) கொக்கி மாட்டுகிறது. சனிக்கிழமை அதே சேனலில் குறுக்குச் சட்டம் உட்காருகிறது. சேஸிஸ் சட்டத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை, ஒரு வெல்டிங்கும் வைக்கவில்லை. போடவும் கூடாது.

குறுக்குச் சட்டத்தில்தான் பட்டறைக்கும் கணக்குக்கும் தகராறு வந்தது. கையில் கிடந்தது 25-க்கு 25, 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புச் சதுரப் பைப். "அண்ணே, ரெண்டு பேர் படுக்கத்தானண்ணே, அஞ்சு பைப்பு தாராளமாத் தாங்கும்" என்றார் ஃபிட்டர். படுக்கும்போது தாங்கத்தான் செய்தது. 160 கிலோ ஐந்து சட்டத்துக்கும் பிரிந்தால் ஒன்றுக்கு 32 கிலோ. ஆனால் யாரும் கட்டிலில் படுத்தபடியே வந்து இறங்குவதில்லை. முதலில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறுகிறார்கள். அந்த நொடியில் 80 கிலோவும் ஒரே சட்டத்தின் நடுவில். 1.38 மீட்டர் நீளத்தில் அந்தப் பைப்புக்கு வரும் இழுவை சதுர மி.மீ.க்கு 246 நியூட்டன். சாதாரண இரும்பு வளைந்து நிரந்தரமாக நின்றுவிடும் எல்லை 250. கொஞ்சம் குதித்து ஏறினால் தாண்டிவிடும், தாண்டியது. பின்கதவுப் பக்கத்து இரண்டு பைப்பும் ஒரு சுற்றிலேயே தொய்ந்தன.

மாற்றாக வந்தது 50-க்கு 25, 2 மி.மீ. கனமுள்ள அலுமினியச் செவ்வகப் பைப். 50 பக்கத்தை நெட்டாக நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் பலன் போச்சு. அதே 80 கிலோவுக்கு இழுவை 75 நியூட்டன்தான். நடுவில் 7 மி.மீ. தாழ்ந்து மறுபடி நிமிர்ந்துவிடுகிறது. எடையும் குறைவு: மீட்டருக்கு 0.77 கிலோ, இரும்புப் பைப்போ 1.18. தடிமனைவிட உயரம்தான் வேலை செய்கிறது என்பதைப் பட்டறையில் எத்தனை முறை சொன்னாலும், கையில் கிடக்கும் பைப்பை வெட்டும் பழக்கம் போவதில்லை.

பைப் 25 மி.மீ. அகலமே உள்ளதால், இரண்டு பலகை அதன் மேல் சந்திக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 12 மி.மீ. ஆதாரம்தான் கிடைக்கும். புரண்டு படுத்தால் பலகை நழுவும். ஆகவே ஒவ்வொரு சட்டத்தின் மேலும் 50-க்கு 3 அலுமினியப் பட்டை ரிவெட் செய்யப்பட்டது. பலகையின் அடியில், சட்டத்தைத் தொட்டபடி ஒரு மரக்கட்டை முடுக்கியாயிற்று. பலகை நீளவாக்கில் நகராது. பலகை 12 மி.மீ. பிளைவுட், 1,380-க்கு 475, நாலு. ஒன்று ஐந்து கிலோ சொச்சம். தனி ஆள் தூக்கி வைக்கலாம். மேலே 50 மி.மீ. நுரை மெத்தை, மடக்குவதற்கு மூன்று துண்டாக.

சட்டத்தின் உயரம் தரையில் இருந்து 450 மி.மீ. கீழே தண்ணீர்க் கேன், துணிப்பை எல்லாம் போய்விடும். மேலே ஒரு மீட்டருக்கு மேல் இடம் இருப்பதால் நிமிர்ந்து உட்காரலாம். நிற்க முடியாது. நிற்கும் உயரத்துக்குக் கூரையைத் தூக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடி மாதக் காற்றில், தேனி தாண்டிக் கம்பம் சாலையில், உயரமான காலி வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

தரைக்கு ஷட்டரிங் பிளைவுட், 12 மி.மீ., முகத்தில் ஃபிலிம் ஒட்டிய வகை. கட்டடச் சாமான் கடையில் கிடைக்கும். தண்ணீருக்கு அசராது, பெட்டியும் வழுக்கிப் போகும். வெட்டிய ஓரங்களில் ஃபிலிம் இல்லாததால் ஈரம் அங்கேதான் ஏறும். ஓரத்துக்கு இரண்டு கோட் எபாக்ஸி அடித்துவிட்டுத்தான் தரையில் போட வேண்டும்.

மழையும் கதவும்

கூரைத் தகட்டின் இணைப்பிலும் பழைய பாப் ரிவெட்களிலும் ஒழுகல் இருந்தது. முந்தைய கை ஏதோ சிலிக்கான் பூசியிருந்தது. சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. ஆடும் தகட்டில் ஓரம் உரிந்து வாய் திறக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டாமல் மேலே வேறு எதுவும் பிடிக்காது. சுரண்டி, தின்னரில் துடைத்து, பி.யூ. சீலன்ட் வைக்கப்பட்டது. சோதனைக்கு ஒருவர் கூரையில் ஹோஸ் பைப்பால் இருபது நிமிடம் நீர் விட, இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும். தட்டி அடிப்பதற்கு முன்பே இதைச் செய்யாவிட்டால், ஐப்பசி மழையில் ஷீட்டுக்குப் பின்னால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கதவு ரப்பருக்கு வேறு சோதனை. ரப்பர் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, கதவை மூடித் திறந்தால், சட்டத்தில் வெள்ளைக் கோடு விட்டுப்போன இடம்தான் தண்ணீர் வரும் வழி.

பின்கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் உயிரோடு விளையாடும் இடம் அதுதான். மூடிய பாடியின் லாக் கம்பி வெளியே இருக்கிறது. உள்ளே படுத்திருக்கும்போது வெளியே யாராவது, விளையாட்டுக்கோ திருட்டுக்கோ, கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. செய்த ஏற்பாடு: கைப்பிடி திறந்த நிலையில் நிற்கும் இடத்தில் ஒரு கொண்டி வெல்ட் செய்து, படுக்கும் முன் கைப்பிடியை அந்த நிலையிலேயே பூட்டுப் போட்டு நிறுத்துவது. அப்போது வெளியே யாரும் லாக் போட முடியாது. கதவை உள்ளே இருந்து மூட, மேலும் கீழும் எட்டு அங்குலத் தாழ்ப்பாள் இரண்டு. விளக்கை அணைத்து, இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தாழ்ப்பாளையும் திறந்து இறங்கிப் பார்த்த பிறகுதான் அந்த வண்டியில் முதல் இரவு படுக்கலாம். தலைமாட்டில் 2 கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் ஒன்று.

காற்று, கரண்ட்

வெப்பத்தடுப்பு பகல் வெயிலைத் தாமதப்படுத்தும், குளிர வைக்காது. இரவில் அதே தடுப்பு, இரண்டு உடம்பின் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஆகவே காற்றோட்டம்தான் தலை. முன்சுவரின் மேல்பகுதியில், கேபின் கூரைக்கு மேலே தெரியும் இடத்தில், 120 மி.மீ. அளவுள்ள 12 வோல்ட் ஃபேன் இரண்டு, காற்றை வெளியே தள்ளும்படி. காற்று உள்ளே வர, பின்கதவுகளின் அடிப்பகுதியில் வலை வைத்த திறப்பு. வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும். ஆகவே வரும் வழியின் பரப்பு ஃபேனின் பரப்பைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். சின்னத் துளை போட்டுவிட்டு "ஃபேன் இழுக்கவில்லை" என்று பெரிய ஃபேன் வாங்குவது வீண். வாரநாளில் இரண்டு திறப்புக்கும் ரப்பர் வைத்த மூடி, பட்டாம்பூச்சி நட்டில். திறந்து கிடந்தால் தூசியும் பூச்சியும் பெட்டியில் ஏறும்.

கொசுவர்த்தி உள்ளே கூடாது. புகை, மூடிய இடம், மறுநாள் அப்பளம் என்று காரணம் மூன்று. கதவுச் சட்டத்தில் வெல்க்ரோ ஒட்டிய வலைத்திரை போதும்.

பேட்டரி 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 640 வாட்-அவர், எடை ஆறு கிலோ அளவு. செலவு: இரண்டு சின்ன ஃபேனும் சேர்ந்து பத்து வாட், பத்து மணி நேரம், 100. படுக்கை அருகே 15 வாட் 12 வோல்ட் ஃபேன், 150. விளக்கு 50, செல்போன் 30. ஓர் இரவுக்கு 330. இரண்டாவது இரவும் தங்கினால் 660 ஆகி, கொள்ளளவைத் தாண்டிவிடும். அதற்குத்தான் 100 வாட் சோலார் பேனல். மதுரை வெயிலில், இழப்பு எல்லாம் போக, நல்ல நாளில் 350 வரும். பேனல் கூரையில் நிரந்தரமாக இல்லை. தோப்பில் வண்டி நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் கிடக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால் ஒன்று கெடும். பத்து மீட்டர் வயரில் தரையில் சாய்த்து வைப்பதே சரி.

ஓடும்போது வண்டியின் ஆல்டர்னேட்டரில் இருந்தும் சார்ஜ் ஏறுகிறது. நேராக அல்ல, 10 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக; கரண்டை அளவோடு கட்டுப்படுத்தி ஏற்றும் கருவி அது. லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் அத்தனையையும் கேட்கும், சின்ன ஆல்டர்னேட்டர் காய்ந்து கருகும். சார்ஜர் இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷனோடு கட்ட வேண்டும். இல்லையென்றால் காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. வயர் 6 சதுர மி.மீ. செம்பு. போக வர எட்டு மீட்டரில், 12 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் விழுகிறது. 2.5 வயரில் இதுவே 0.7 ஆகும், அப்போது சார்ஜர் வண்டி நின்றுவிட்டது என்று எண்ணி விட்டு விட்டு வேலை செய்யும். பிழை சார்ஜரில் இருப்பதாகக் கடைக்காரரோடு சண்டை போடும் முன் வயரை அளக்க வேண்டும். இரண்டு பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம்.

எடையும் அடுக்கும்

நிரந்தரமாகச் சேர்ந்தது: தரைப் பலகை 24 கிலோ, ஃபைபர் 28, நுரை 13, சேனல் 20, மற்றவை 8. ஆக 93 கிலோ. ஏஸின் சுமைத் திறன் 750 கிலோ என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். மூடிய பாடியின் எடை அதில் ஒரு பங்கை முன்பே தின்றிருக்கும். இந்த 93-உம் போக மிஞ்சுவதுதான் சரக்குக்கு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் இருந்து, டேங்க் நிரப்பி எடைமேடையில் ஏற்றி வரும் எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரம், பின்சக்கரம் தனித்தனியாகவும் எடை போட வேண்டும். அப்பளம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஆகவே இந்த வண்டிக்கு 93 கிலோ இழப்பு வலிக்கவில்லை. அரிசி மூட்டை, டைல்ஸ், தண்ணீர்க் கேன் ஏற்றும் வண்டி என்றால் இந்தத் தட்டி வேலையே வேண்டாம். வெறும் தரைப் பலகையும் சேனலும் போதும்.

சனிக்கிழமைச் சாமான் ஏறக்குறைய 150 கிலோ. அதில் 42 தண்ணீரும் கேனும். இரண்டு 20 லிட்டர் கேனையும் பின் அச்சுக்கு முன்னால் கட்ட வேண்டும். கதவோரம் வைத்தால் முன்சக்கரம் லேசாகி, மலை ஏற்றத்தில் ஸ்டீயரிங் மிதக்கும். வண்டி அன்று கிட்டத்தட்டக் காலி என்பதால் பின் ஸ்பிரிங் விறைத்து, எல்லாம் குலுங்கும். சாதாரண நட் கழன்றுவிடும். எல்லா இடத்திலும் நைலாக் நட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாத வகை.

கேஸ் 5 கிலோ சிலிண்டர், நிமிர்த்தி, கதவை ஒட்டி, பெல்ட்டில் கட்டியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். கதவின் அடியில் உள்ள காற்றுத் திறப்பு இதற்கும் உதவுகிறது; பயணத்தின்போது அதன் மூடி திறந்தே இருக்க வேண்டும். இடம் வந்ததும் முதலில் இறங்குவது சிலிண்டர். படுக்கும்போது அது உள்ளே இருக்கக் கூடாது. சமையல் எப்போதும் வெளியே, பன்னிரண்டுக்குப் பத்தடித் தார்ப்பாயின் கீழ். மீன் பொரிக்க ஆசையிருந்தால் பொரிக்கலாம். காற்று வண்டிப் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

நிறுத்தும் இடத்துக்கு இரண்டு வார்த்தை. தென்னைக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. மட்டை விழுந்தால் கூரை நெளியும், தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் காய் விழுந்தால் நெளிவது வேறு. திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த அன்று இந்தச் சின்னச் சக்கரம் அச்சு வரை இறங்கும். தார் அல்லது சரளை விளிம்பை விட்டு இறங்காமல் இருப்பதே வழி. சிறுமலை, அழகர்மலைக் காப்புக்காடுகளில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். தெரிந்தவர் பட்டாத் தோப்பு இருக்கும்போது காட்டோரம் தேடுவதில் அர்த்தமில்லை.

ஞாயிறு மாலை

இறக்கும் வரிசை: மெத்தை, பலகை, சட்டம், பேட்டரிப் பெட்டி, மிச்சம். இரண்டு பேருக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. பேட்டரி ஒரே பிளக்கில் கழன்று வருகிறது. பிறகு தரையைப் பெருக்கி, சுவரைக் காய்ந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைக்க வேண்டும். வண்டி பேட்டரியில் ஃபேன் ஓட்டுவது வேண்டாம், வீட்டு டேபிள் ஃபேன் போதும். உள்ளே தொங்கும் ஈரப்பதமானி வெளியே உள்ள அளவைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டினால், பெட்டி ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டும். ஈரம் குடித்த அப்பளம் கடையில் வளையும், பிறகு பூஞ்சை பூக்கும். திரும்பி வரும் பெட்டியின் நஷ்டம் வண்டிக்காரர் தலையில்.

ஒரு குறை இன்னும் நிற்கிறது. வெளியேற ஒரே வழிதான், பின்கதவு. பின்னால் தீ என்றாலோ, வேறு வண்டி வந்து ஒட்டி நின்றாலோ மாற்று வழி இல்லை. பழைய பாடியின் பக்கத் தகட்டை வெட்டினால் இரண்டு விலாக் கம்பி போகும் என்பதால் அதைத் தொடவில்லை. வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்கோ மரத்துக்கோ ஆறடிக்குள் நிறுத்துவதில்லை என்ற விதியோடு இப்போதைக்கு ஓடுகிறது. கே. புதூரிலோ கப்பலூரிலோ அடுத்த பாடி கட்டும்போது, இடப்பக்கம் 600-க்கு 900 கதவு ஒன்று, சுற்றிலும் இரட்டைக் கம்பியோடு, உள்ளே இருந்து திறக்கும் லாக்குடன், வரைபடத்திலேயே சேர்த்து ஆர்.டி.ஓ. பதிவோடு போட வேண்டும். அந்தக் கதவு மட்டும் இருந்தால், திண்டுக்கல் கடைவீதியில் பின்னால் இடமில்லாதபோது பெட்டியையும் அந்த வழியாகவே இறக்கலாம்.